மாறா வெப்பநிலையில்

மார்ச் 17, ஞாயிறு

மூன்றாம் திருப்புதல் தேர்வின் அறிவியல் விடைத்தாளைப் பாப்பா இன்றுதான் கையெழுத்துக்கு நீட்டினாள். 75-க்கு 49. மொத்தம் குறைந்ததைவிட ஒரே ஒரு மார்க் போனதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஓம் விதியைக் கூறச் சொல்லி இரண்டு மார்க் கேள்வி. விதியை எழுதி, சூத்திரமும் போட்டிருக்கிறாள். பாதிதான் கிடைத்திருக்கிறது.

"ரெண்டே வார்த்தைப்பா. அதை விட்டதுக்கு ஒரு மார்க் போச்சு."

வாங்கிப் பார்த்தேன். வரியின் தொடக்கத்தில் டீச்சர் சிவப்பு மையால் குறி போட்டு, அதன் தலைமேல் எழுதியிருந்தார்: மாறா வெப்பநிலையில்.

28 வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். வோல்டேஜும் கரண்ட்டும் ரெசிஸ்டன்ஸும் இல்லாமல் எனக்குப் பொழுது விடிந்ததில்லை. ஆனாலும் அந்த இரண்டு வார்த்தை அங்கே எதற்கு என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் கிடையாது. அவள் கேட்கவில்லை. இனிமேல் மறக்காமல் எழுதினால் மார்க் வந்துவிடும் என்பதோடு அவள் கணக்கு முடிந்துவிட்டது. கேட்காமல் விட்டாளே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஏப்ரல் 4 அறிவியல் பொதுத்தேர்வு. நடுவில் 17 நாள். அதுவரை இரவு ஏழு மணிக்கு மேல் எந்த வேலையும் ஒத்துக்கொள்வதில்லை.

மார்ச் 19, செவ்வாய்

முதல் பாடம், இயக்க விதிகள். நிறை, எடை வேறுபாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "சரி, உன் எடை எவ்வளவு?" என்றேன்.

"42 கிலோ."

"இப்ப ஒப்பிச்சதைத் திரும்பச் சொல்லு."

பாதி சொன்னவள் நிறுத்திவிட்டாள். 42 கிலோகிராம் அவளுடைய நிறை. பூமி அவளை இழுக்கிற விசைதான் எடை: 42-ஐ 9.8-ஆல் பெருக்கினால் 411.6 நியூட்டன். நிலவுக்குப் போனால் அந்த இழுப்பு ஆறில் ஒரு பங்காகி 68 நியூட்டன் பக்கம் நிற்கும். நிறை அங்கேயும் அதே 42தான்.

"அப்ப ரேஷன் கடையில எடை போடறாங்களே, அது தப்பாப்பா?"

தப்பில்லை. தெருவில் ஒரு பொருளும் புத்தகத்தில் வேறொரு பொருளுமாக ஒரே சொல் புழங்குகிறது. பிள்ளைகள் இடறுவது புதுச் சொல்லில் இல்லை. 'எடை', 'வேலை', 'திறன்' என்று பிறந்ததிலிருந்து காதில் விழுந்த சொல்லில்தான். கஷ்டமான சொல்லென்றால் கவனமாகப் படிப்பார்கள். இதையெல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று தாண்டிவிடுகிறார்கள்.

மார்ச் 21, வியாழன்

இன்று மின்கணக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். கரண்ட் பில் அட்டையைப் பாடப்புத்தகத்தின் மேல் வைத்து, "இதுல போட்டிருக்கிற யூனிட்னா என்ன?" என்று கேட்டேன். ஒரு கிலோவாட் மணி என்றால் 3.6×10⁶ ஜூல் என்று அவளுக்குத் தெரியும். அட்டையில் இருக்கும் யூனிட்டும் அதுவும் ஒன்று என்பது தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குள் வந்து போகிற விஷயம்.

அயர்ன் பாக்ஸை எடுத்து அடியில் இருந்ததைப் படிக்கச் சொன்னேன். 750 வாட். தினமும் அரை மணி நேரம் சூடாகிக்கொண்டிருந்தால் 0.375 யூனிட், 60 நாளைக்கு 22.5 யூனிட் என்று அவளே போட்டாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவள் அம்மா, "அப்ப ஒரு வாரத் துணியை ஒரே நாள்ல தேய்ச்சா குறையுமா?" என்றாள்.

இந்தக் கேள்வியைப் பரீட்சையில் கேட்கலாம். தேய்க்கிற நேரம் அதேதான், அதற்கு ஆகும் கரண்ட்டும் அதேதான். ஒவ்வொரு நாளும் பெட்டி முதலில் சூடேற எடுத்துக்கொள்கிறதே, அதில் ஆறு நாள் பங்கு மிச்சமாகும். பாப்பா இதை அம்மாவுக்கு விளக்கினாள். நான் வாயே திறக்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

மின்னோட்டவியல். தொடரிணைப்பு, பக்க இணைப்பு இரண்டுக்கும் படம் நன்றாகவே போட்டாள். கோயில் திருவிழாவில் கட்டும் சீரியல் செட்டின் பேரிலேயே தொடரிணைப்பு இருக்கிறது என்றேன். பழைய செட்டில் ஒரு பல்பு போனால் வரிசை முழுக்க இருண்டுவிடும். வீட்டில் அப்படி இழுத்தால் ஃபேனை நிறுத்தும்போது லைட்டும் நின்றுவிடும். அதனால்தான் ஒவ்வொன்றையும் பக்க இணைப்பில் தருகிறோம். எல்லாவற்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது. இதுவரை தடங்கல் இல்லை.

அடுத்து P = V²/R. அயர்ன் பாக்ஸின் மின்தடை எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. அதை 750-ஆல் வகுத்தால் 70.5 ஓம். நோட்டில் அடிக்கோடு போட்டு முடித்தாள். ப்ளக்கைப் பிடுங்கி, அதன் இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை வைத்தேன். 69 ஓம் காட்டியது. பாப்பா என் கையிலிருந்து மீட்டரைப் பிடுங்கி அவளே ஒருமுறை வைத்துப் பார்த்தாள். தாளில் போட்ட விடையைப் பெட்டி ஒத்துக்கொள்வதை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அந்தச் சூட்டோடு என் சீரிஸ் போர்டில் இருந்த 100 வாட் குண்டு பல்பைக் கழற்றி வந்தாள். ஷார்ட் பார்க்க இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறேன். 52,900-ஐ 100-ஆல் வகுத்தால் 529 ஓம். மீட்டரை வைத்தாள். 38.

திரும்ப வைத்தாள். 38. மீட்டர் கெட்டுவிட்டதென்று அயர்ன் பாக்ஸில் வைத்தாள். 69. மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. பல்பைப் போட்டுப் பார்த்தாள். எரிகிறது. வகுத்தலை மூன்று தடவை சரிபார்த்தாள். எனக்கும் புரியவில்லை. 28 வருடத்தில் எரிகிற பல்பின் மின்தடையை அளக்க வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை.

ஆனால் வேறொன்று ஞாபகம் வந்தது. குண்டு பல்பு காலத்தில் வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "இப்பத்தாங்க சுவிட்சைப் போட்டேன், டப்புன்னு போயிடுச்சு." எரிந்துகொண்டிருக்கும்போது போனதைவிட, போட்ட நொடியில் போனதுதான் அதிகம். ஏன் என்று எந்த மேஸ்திரியும் சொல்லிக் கொடுத்ததில்லை. இதை அவளிடம் சொன்னேன்.

பல்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். எரியவிட்டு அணைத்திருந்ததால் கண்ணாடி இன்னும் லேசாகச் சுட்டது. ரொம்ப நேரம் கழித்து, "அப்பா, மீட்டரை வைச்சப்ப இது ஆறிப்போயிருந்துச்சு" என்றாள்.

பிறகு அவளே சொல்லிக்கொண்டு போனாள். எரியும்போது உள்ளே டங்ஸ்டன் இழை 2,500 டிகிரியை ஒட்டிக் காய்ந்து கிடக்கிறது. சூடேற ஏற உலோகத்தின் மின்தடையும் ஏறும். 529 எரிகிற பல்பின் கணக்கு. 38 ஆறின பல்பின் கணக்கு. சுவிட்சைப் போட்ட கணத்தில் இழை ஆறியிருக்கிறது, அதனால் 230-ஐ 38-ஆல் வகுக்க வேண்டும்: 6 ஆம்பியர். எரியத் தொடங்கினால் வெறும் 0.43. கண் இமைக்கும் நேரத்துக்குப் பதினான்கு மடங்கு கரண்ட் பாய்கிறது. இழையில் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே அறுந்துவிடுகிறது.

"அயர்ன் பாக்ஸ் மட்டும் எப்படிம்மா சரியா வந்துச்சு?"

நிக்ரோம். சூடானாலும் அதன் மின்தடை அவ்வளவாக மாறாது. தேய்ப்புப் பெட்டியில் நிக்ரோம் ஏன் என்ற கேள்விக்கு உருகுநிலை அதிகம், சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடையாது என்று இரண்டு காரணம் மனப்பாடம் பண்ணியிருந்தாள். இன்று மூன்றாவதாக ஒன்று கையில் கிடைத்தது.

அலமாரியிலிருந்து அந்த விடைத்தாளை எடுத்துவந்து சிவப்பு மைக் குறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டாகிவிட்டது. இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

மார்ச் 27, புதன்

நேற்று தமிழ், நாளை ஆங்கிலம். அறிவியல் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி வீட்டுக்குப் பைப் பதிக்கும் வேலை.

மார்ச் 29, புனித வெள்ளி

ஒளியியல். அவள் கண்ணாடி மைனஸ் 2. எனக்கு வெள்ளெழுத்துக்காகப் போட்டது பிளஸ் 2. திறன் என்பது மீட்டரில் சொன்ன குவியத்தொலைவின் தலைகீழ். ஆகவே இரண்டுக்கும் குவியத்தொலைவு 50 செ.மீ., குறிதான் வேறு. என் கண்ணாடியை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் காட்டி மெல்லப் பின்னால் இழுத்தாள். அரை மீட்டரை நெருங்கியதும் எதிர்வீட்டு மொட்டைமாடியும் அதில் காய்ந்த சேலையும் தலைகீழாகச் சுவரில் வந்து விழுந்தன. சேலையின் மஞ்சள் நிறம்கூடத் தெரிந்தது. அவள் கண்ணாடியை எவ்வளவு இழுத்தும் சுவரில் ஒன்றும் விழவில்லை. குழிலென்ஸின் பிம்பம் மாயபிம்பம் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் கொள்ளிடக் கரைக்கு நடந்தோம். சூரியன் இறங்கிச் சிவந்திருந்தது. அலைநீளம் குறையக் குறைய ஒளி அதிகமாகச் சிதறும், அதுவும் நான்காம் அடுக்கில் என்பது ராலே கண்டது. 700-ஐ 400-ஆல் வகுத்து நான்கு தடவை பெருக்கி, ஊதா சிவப்பைவிட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறும் என்று போனில் போட்டுக் காட்டினாள். சாயங்கால ஒளி காற்றில் நெடுந்தூரம் கடந்து வருவதால் நீலமெல்லாம் வழியிலேயே சிதறி, சிவப்பு மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது.

சி.வி. ராமன் 1888-இல் பிறந்தது இங்கேதான், எங்கள் திருவானைக்காவலில். 1921-இல் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும்தானா என்று கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துப் போனவர், 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவில் வந்து நின்றார். 1930-இல் நோபல் பரிசு. பிப்ரவரி 28 அறிவியல் நாள் என்பது பாப்பாவுக்கு ஒரு மார்க் கேள்வியாகத் தெரியும். கப்பலில் நின்று கேட்ட கேள்வியைச் சொன்னபோதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

மார்ச் 31, ஞாயிறு

நாளை கணக்கு. காலை ஐந்தரை மணிக்கு மட்டும் பத்து நிமிடம் திருடிக்கொண்டு கோயில் வெளிமதிலுக்குப் போனோம். எதிரொலி கேட்க 17.2 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். 23 எட்டு நடந்து திரும்பிக் கை தட்டினாள். ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. இன்னும் பத்து எட்டுப் போய்த் தட்டியபோது தனியாகத் திரும்பி வந்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

வேதியியலில் அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு டம்ளரில் 180 மில்லி தண்ணீர் இருந்தால் 180 கிராம், 18 கிராம் ஒரு மோல், ஆகவே 10 மோல், மூலக்கூறுகள் 6.022×10²⁴. சொல்லிவிட்டு அந்தத் தண்ணீரைக் குடித்தாள்.

பழைய மெயின் போர்டில் செம்பு டெர்மினல் பச்சை பூத்திருப்பதைப் பார்த்தால் சுரண்டிவிட்டு முடுக்குவேன். அந்தப் பச்சைக்கு அவள் புத்தகத்தில் பேர் இருக்கிறது: காரத் தாமிரக் கார்பனேட். ஈரமும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து செய்கிற வேலை.

எர்த் குழியில் கரியும் உப்பும் ஏன் போடுகிறோம், கோடையில் ஏன் தண்ணீர் ஊற்றச் சொல்கிறோம் என்று கேட்டேன். உலர்ந்த உப்பில் அயனிகள் கட்டுண்டு கிடக்கும், தண்ணீரில் கரைந்தால்தான் நகரும், நகர்ந்தால்தான் கரண்ட் கடத்தும் என்றாள். மேஸ்திரி சொன்னார் என்பதற்காக இத்தனை வருடம் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். இனி அந்தக் குழியைப் பார்த்தால் உள்ளே நகர்கிறவைதான் மனதில் வரும்.

ஏப்ரல் 3, புதன்

ஒரு மார்க் 12, இரண்டு மார்க் 7, நான்கு மார்க் 7, ஏழு மார்க் 3. எதற்கு எவ்வளவு நேரம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிவைத்திருக்கிறாள். ஒன்பது மணிக்கே படுக்கச் சொன்னேன். அவள் நோட்டைப் புரட்டினேன். ஓம் விதி எழுதிய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குண்டு பல்பு. அதன் பக்கத்தில் 38, கீழே 529.

ஹால் டிக்கெட், இரண்டு பேனா, பென்சில், ஸ்கேல். எடுத்து வைத்தாகிவிட்டது.

ஏப்ரல் 4, வியாழன்

வேலைக்குப் போகவில்லை. தேர்வு மையத்தின் வாசலில் வேப்பமரத்து நிழலில் மற்றப் பெற்றோருடன் நின்றேன். பத்தேகாலுக்கு எழுத ஆரம்பித்திருப்பாள். வெயில் ஏற ஏற எதிரே இரண்டு போஸ்ட்டுக்கு நடுவில் மின்கம்பி தொய்ந்து தெரிந்தது. 50 மீட்டர் அலுமினியக் கம்பி 20 டிகிரி ஏறினால் 2.3 செ.மீ. நீளும் என்று பாப்பா போட்ட கணக்கு ஞாபகம் வந்தது.

ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். கேள்வித்தாளை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து, பாலம் தாண்டும்வரை பேசாமல் வந்தாள்.

"அப்பா, குண்டு பல்பு போட்டதும் எரியுது. ட்யூப்லைட் மட்டும் ஏன் ரெண்டு மூணு தடவை மினுக்கிட்டு எரியுது?"

பாடத்தில் இல்லாத கேள்வி. சோக்கையும் ஸ்டார்ட்டரையும் பிரித்துக் காட்டினால்தான் சொல்ல முடியும். மாடிப்படிக்குக் கீழே சாக்கில் பழைய சோக் ஒன்று கிடக்கிறது. திங்கட்கிழமை சமூக அறிவியல் முடியட்டும், எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.