நாகல்கேணிப் பக்கம் திரும்பாத நடை

பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாற்று நடை நடத்துகிறவன் நான். நடையின் முடிவில் இந்த ஊர்ச் சாப்பாட்டைச் சுவைக்கலாம் என்று அறிவித்து, அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் வாங்குகிறேன். அந்தச் சாப்பாட்டு விஷயத்தில் பல ஆண்டுகள் பொய்யாக நடந்துகொண்டேன். இலையில் வைத்தது நல்ல சாப்பாடுதான். ஆனால் இந்த ஊரை ஊராக்கியவர்கள் சாப்பிடுவது எதுவும் அந்த இலைக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். மறதியில் விட்டுப்போனதென்று சொல்ல முடியாது. யோசித்து, கணக்குப் போட்டு, விட்டேன்.

நடை எப்படிப் போகும் என்று சொன்னால்தான் நான் செய்தது விளங்கும். பல்லாவரம் கன்டோன்மென்ட் பகுதியில் தொடங்குவோம். 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு சரளைக் குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கல். இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆராய்ச்சியே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. சில மாதங்களில் ஃபூட்டும் அவருடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். பின்னாளில் சாந்தி பப்புவின் குழு அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்து, அங்குள்ள கற்கருவிகள் பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தியவை என்று 2011இல் அறிவித்தது. இதைச் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். கைக்கோடாரியை எப்படிப் பிடிப்பார்கள், விலங்கின் தோலை எப்படி உரிப்பார்கள், எலும்பை உடைத்து மஜ்ஜையை எப்படி எடுப்பார்கள் என்று ஒரு மாதிரிக் கல்லை வைத்துக்கொண்டு செய்தே காட்டுவேன். வந்திருக்கும் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்க்கும்.

அடுத்து, மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குடைவரை. ஐந்து அறைகள், தூண்களில் அவன் பட்டப்பெயர்கள். இன்று அது இஸ்லாமியர் வழிபடும் இடம். அங்கே நின்று நல்லிணக்கம் பற்றிப் பேசுவேன். பிறகு பறங்கிமலையிலிருந்து பல்லாவரம்வரை கிடக்கும் பாறை. கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து போன கல் அது என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதற்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். எப்போதாவது சந்தை நாளான வெள்ளிக்கிழமையில் நடை வைத்தால் பல்லாவரம் சந்தைக்குள்ளும் போவோம். புறா, பழைய மின்விசிறி, நாற்றுச்செடி எல்லாவற்றிடமும் நின்று பேசுவேன். கருவாட்டுக் கடைகள் வந்ததும் நடையை எட்டிப் போடுவேன்.

அங்கிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன் ரயிலில் போய்க் குரோம்பேட்டையில் இறங்குவோம். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு 1931இல் மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓட ஆரம்பித்த தடம் இது. பிளாட்பாரத்திலேயே கூட்டத்தை நிறுத்தி, இந்த ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்பேன். பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜி. ஏ. சேம்பர்ஸ் இங்கே நடத்திய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் என்று சொல்வேன். 'அட!' என்பார்கள். சிலர் கைதட்டுவார்கள். ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கம் சி.எல்.சி. ஒர்க்ஸ் ரோடு என்று இன்றும் இருப்பது அந்தக் கம்பெனியின் முதலெழுத்துகள்தான் என்றும் சொல்வேன். சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் அவர்களைத் தாண்டவிட மாட்டேன். ஸ்டேஷன் பக்கமே ஓர் ஓட்டலில் முன்கூட்டிச் சொல்லிவைத்த மேசைகள். இட்லி, பொங்கல், மெதுவடை, ஃபில்டர் காபி. 'இதுதான் இந்த வட்டாரத்தின் ருசி' என்று சொல்லி முடிப்பேன்.

சாலையைத் தாண்டி உள்ளே போனால் நாகல்கேணி. தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்காகவே அறியப்பட்ட பகுதி. அங்கே என்ன நடந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், படித்தும் கேட்டும். உப்பிட்ட தோல் வண்டியில் வந்து இறங்கும். முதலில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புத் தொட்டி, மயிர் கழலும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையைச் சீவி எடுப்பார்கள். பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குரோம் உப்பு வந்த பிறகு சுழலும் டிரம்மில் ஓரிரு நாளில் வேலை முடிந்தது. தோல் வெளிர்நீலமாக வெளியே வரும். அந்த முறையை மதராஸில் சோதித்துக் காட்டியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸுக்கு மதராஸ் மாகாணத்துத் தோல் கப்பல் கப்பலாகப் போனது. சுண்ணாம்பில் வெந்த கைகளும் குரோமியம் கலந்த கிணறுகளும் அந்தத் தொழில் உள்ளூருக்கு விட்டுப்போனவை. தமிழ்நாட்டுத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு அது வளர்ந்தது. அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் இஸ்லாமியர்களும். அவர்கள் வீட்டிலும் தெருமுனைக் கடையிலும் வெந்தது பெரிய கறி, அதாவது மாட்டிறைச்சி. தோலை உப்பிட்டுக் காத்த அதே கைகள் இறைச்சியையும் உப்பிட்டு, கயிற்றில் கோத்துக் காயவைத்து உப்புக்கண்டம் ஆக்கின. ஓர் ஊரின் தொழிலும் அடுப்பும் இப்படி ஒட்டிக் கிடப்பது அபூர்வம். சாப்பாட்டோடு முடியும் வரலாற்று நடை என்ற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் சென்னையின் தெற்கே கிடையாது என்று நான் நம்பினேன். நம்பிக்கொண்டே பொங்கல் போட்டேன்.

இதில் எனக்கே வெட்கமாக இருப்பது வேறொன்று. கூட்டத்தை ஓட்டலில் வழியனுப்பிவிட்டு, மாலையில் நான் மட்டும் சாலையைத் தாண்டுவேன். அங்கே ஓர் அக்கா தள்ளுவண்டியில் பெரிய கறி வறுவலும் போட்டியும் போடுவார். என் வீட்டில் அது பழக்கமில்லை. கல்லூரியில் படிக்கும்போது நண்பர்கள் வீட்டில் பழகியது. மிளகும் சோம்பும் தூக்கலாக, எண்ணெய் பிரிந்து, கல்லின் ஓரத்தில் மொறுமொறுவென்று ஒட்டியிருக்கும் துண்டுகளைச் சுரண்டி என் தட்டில் போடுவார். அவருடைய அப்பா தோல் கம்பெனியில் சதை சீவுகிறவராக இருந்தவர். ஆவாரம்பட்டை பற்றியும் டிரம் பற்றியும் நான் மேலே எழுதியதில் பாதி அந்த வண்டிப் பக்கத்தில் நின்று கேட்டதுதான். கேட்டதை நடையில் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். சொன்னவரை யாருக்கும் காட்டவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். "ஒருநாள் எல்லாரையும் நம்ம கடைக்கு இட்டுனு வா சார். நல்லா பண்ணித் தரேன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஆகட்டும் அக்கா என்பேன்.

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. அதில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை என்றானது. ஆம்பூரும் தோல் ஊர்தான். எதிர்ப்புக் கிளம்பியது, ஆதிதிராவிடர் பழங்குடியினர் மாநில ஆணையம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளிவைத்தார்கள். அந்த நாட்களில் நான் கொதித்துக் கொதித்துப் பேசினேன். ஒரு கூட்டத்தில் மேடையேறியும் பேசினேன்: தோல் தொழிலில் செழித்த ஊரில் அந்தத் தொழிலாளியின் உணவை விலக்குவது தீண்டாமையின் இன்னொரு பெயர் என்று. மராத்வாடா தலித் சமையலைப் பற்றி ஷாஹு பட்டோலே மராட்டியில் எழுதியதை எல்லாம் எடுத்துச் சொன்னேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையில் வழக்கம்போல் மெதுவடை.

மேடையில் பேசியதன் உறுத்தலோ என்னவோ, சில வாரங்கள் கழித்து நானே அக்காவிடம் போய், வரும் ஞாயிறு இருபது பேரோடு வருகிறேன் என்றேன். அன்றைக்கு அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பற்றி எழுத எனக்கு அருகதை இல்லை. அந்த வாரம் முன்பதிவு செய்தவர்கள் ஒரே அலுவலகத்துக்காரர்கள். வெள்ளிக்கிழமை இரவு அவர்களில் ஒருவர் போன் செய்தார். "சார், சாப்பாடு ப்யூர் வெஜ்தானே? கன்ஃபர்ம் பண்ணிடுங்க. பணம் இப்பவே போட்டுடறேன்." ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. உங்களில் வேண்டியவர்கள் அங்கே சாப்பிடலாம், வேண்டாதவர்கள் கதையை மட்டும் கேட்டுவிட்டு இங்கே வந்து இட்லி சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கலாம். இத்தனை எளிய வழி இருந்தும் வாயில் வரவில்லை. அந்த மனிதர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. தான் சாப்பிடுவதைத் தெரிந்துகொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. கேட்காமலேயே அவருக்காகப் பயந்தவன் நான். இந்தக் கூட்டம் போனால் அடுத்த கூட்டம் வராது, 'அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறவன்' என்ற பேர் வந்துவிடும் என்று பயந்தேன்.

அக்காவிடம் வரவில்லை என்று சொல்லவும் இல்லை. சனிக்கிழமை முழுக்க அவர் எண் என் போனில் இருந்தது. ஞாயிறன்று அவர் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கறி எடுத்து, வண்டியைத் தூக்கித் துடைத்து, பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வாங்கிப் போட்டுக் காத்திருந்தாராம். பிறகு அந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவர் சொல்லித் தெரிந்தது. அதன்பின் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். பல மாதம் கழித்து மார்க்கெட்டில் எதிரே வந்துவிட்டார். கோபமே இல்லாமல், "அன்னிக்கி வேற வேலை வந்துட்ச்சா சார்?" என்று கேட்டார். "மழைக்கா. மழைன்னு யாருமே வரல" என்றேன். அன்று வானத்தில் ஒரு மேகம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். "ஆமா, மழைதான்" என்றார்.

பறங்கிமலை நடையிலும் இதையே செய்திருக்கிறேன். ஓர் ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி மஞ்சள் தேங்காய்ச் சோறும் பால் கறியும் செய்து தருவார். பால் கறி என்றால் கொத்திய இறைச்சியை உருண்டை பிடித்துக் குழம்பில் போடுவது. அவர் வீட்டில் தலைமுறைகளாக அது மாட்டிறைச்சிதான். எங்கள் கூட்டத்துக்கு ஆட்டுக்கறியில் செய்யச் சொன்னேன். "அது வேற டிஷ் மேன்" என்றார்; ஆனாலும் செய்து கொடுத்தார். அதைப் பரிமாறிக்கொண்டே, மாறாத பாரம்பரியச் சமையல் என்று நான் விளக்கம் சொன்னேன். ஆன்ட்டி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சென்னையில் இந்த நடைகளுக்கு நல்ல பரம்பரை உண்டு. எஸ். முத்தையாவும் நண்பர்களும் 2004இல் தொடங்கிய சென்னை தினக் கொண்டாட்டத்தால்தான் ஆகஸ்ட் வந்தால் ஊரே தன் தெருக்களைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறது. சௌகார்பேட்டையில் சாப்பிட்டுக்கொண்டே நடக்கிறார்கள், மயிலாப்பூரில் நடக்கிறார்கள். தெற்குப் புறநகர்களுக்கு அப்படி யாரும் வராதபோது, விமான நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே சொல்ல ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்தபோது, இருக்கிறது என்று காட்டத்தான் நான் இதைத் தொடங்கினேன். அந்த ஆசை உண்மையானது. அதனால்தான் என் மேல் எனக்குக் கோபம் அதிகம். வரலாற்றைச் சொன்னால் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். ஒருவர் கையால் வாங்கிச் சாப்பிட்டால் மறக்க மாட்டார்கள். இது தெரிந்துதான் நடையின் முடிவில் சாப்பாட்டை வைத்தேன். தெரிந்துதான் யார் கையால் வாங்கக்கூடாது என்றும் நானே முடிவு செய்தேன்.

இப்போது அறிவிப்பிலேயே எழுதிவிடுகிறேன்: நடை நாகல்கேணிக்குள் போகும், அங்கே மாட்டிறைச்சி இருக்கும், சைவமும் தனியே இருக்கும், எதையும் சாப்பிடாமலும் இருக்கலாம். முன்பதிவு குறைந்திருக்கிறது. சில அலுவலகங்கள் கூப்பிடுவதில்லை. முதல் முறை கூட்டிக்கொண்டு போனபோது அக்கா எதுவும் கேட்கவில்லை. வந்தவர்களை உட்காரவைத்து, வறுவலை எப்படித் தயார் செய்கிறார் என்று தானே சொல்ல ஆரம்பித்துவிட்டார். என்னைவிட நன்றாகச் சொன்னார். அன்று வீணாய்ப்போன கறிக்கான பணத்தையும் கொடுத்துவிட்டேன். பழைய பாக்கி என்று சொல்லிக் கொடுத்தேன். மழை என்றது பொய் என்று மட்டும் இன்னும் என் வாயால் சொல்லவில்லை. அக்காவின் மகள் பத்திரிகைகள் படிக்கிற பெண். இது அச்சாகி அவள் கைக்குப் போவதற்கு முன் நான் போய்ச் சொல்லியாக வேண்டும்.