கடலையளவுத் துண்டு

அச்சாணியில்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. தேரின் உயரத்தையும் வடத்தின் பருமனையும் வியந்து நோக்கும் நாம், சக்கரம் விலகாது காக்கும் அச்சிறு ஆணியை எண்ணிப் பார்ப்பதில்லை. அது கழன்று வீழ்ந்த அன்றே அதன் அருமை விளங்கும். இவ்வுண்மையைத் தேரில் அன்று, ஒரு பழைய மோட்டார்ச் சைக்கிளில் அண்மையில் நாம் கண்டோம். அதனை வாசக நேயர்களுக்கும், சிறப்பாக மாணவச் செல்வங்களுக்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

எமது இல்லத்தில் பி.எஸ்.ஏ. பன்ரம் வண்டி ஒன்று உண்டு. எமது தந்தையார் 1964ஆம் ஆண்டில் அதனைப் பழைய வண்டியாகவே வாங்கினார். பன்ரம் என்பது ஒரு சிறு கோழியினத்தின் பெயர். ஆதலின் பெற்றோல் தாங்கியில் சேவல் ஒன்று தலைநிமிர்ந்து கூவும். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்து பி.எஸ்.ஏ. நிறுவனம் 1948 முதல் 1971 வரை இவ்வினத்து வண்டிகளைச் செய்தது. முதல் மாதிரியின் எஞ்சின் 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவே உடையது. வளர்ந்தது இங்கிலாந்திலாயினும் அது பிறப்பால் ஜெர்மானியக் குழந்தை. போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து இழப்பீடாகப் பெற்ற டி.கே.டபிள்யூ. வண்டியொன்றின் அமைப்பைத் தழுவியே அது செய்யப்பட்டது. அதே அமைப்பைப் பின்பற்றி 1955இல் யப்பானில் யமஹாவின் முதல் வண்டியும் தோன்றியது.

தந்தையார் ஆசிரியர். பள்ளிக்கும் தோட்டத்துக்கும் அவ்வண்டியிலேயே சென்றார்; அன்னையாரைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு நல்லூர்த் திருவிழாவுக்கும் சென்றார். 1990ஆம் ஆண்டில் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்தவர் பலரைப்போல அவரும் அதனை மண்ணெண்ணெயில் ஓட்டக் கற்றார். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே அக்காலத்து வித்தை. அவர் மறைந்த பின்னர் தமையனாரும் நாமும் மாறிமாறி ஓட்டி வந்தோம்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் வண்டி அசைய மறுத்தது. உதைத்து உதைத்துத் தமையனாரின் கால் ஓய்ந்தது. "இனி இதனை வைத்திருந்து என்ன பயன், தம்பி? கொட்டிலாவது வெளிக்கட்டும்" என்றார். இரண்டு நாளில் பழைய இரும்பு வாங்குபவர் படலையில் வந்து நின்று ஒரு விலையும் சொன்னார். அன்னையார் வாசற்படியில் அமர்ந்திருந்தார். "உங்கள் ஐயா இருந்தால் விற்கவும் கூடும். ஆனால் என்ன பழுதென்று திறந்து பாராமல் விற்கமாட்டார்" என்றார். அதற்கு மேல் எவரும் பேசவில்லை.

எமது ஊரில் எழுபதைக் கடந்த மெக்கானிக் ஒருவர் உளர். சிறியோரும் பெரியோரும் அவரை அண்ணை என்றே அழைப்பர். அவர் வந்து எஞ்சின் பக்கத்துச் சிறு மூடியைக் கழற்றினார். உள்ளே, கராச்சுகளில் பொயின்ற் என்று வழங்கும் தொடுமுனைகள் இரண்டு இருந்தன. ஒன்று நிலையானது, மற்றையது ஒரு சிறு புயத்தின் நுனியில் அமர்ந்து அசைவது. சுழலும் தண்டின் மேட்டில் உராயுமாறு, மின் கடத்தாப் பொருளாலான குதி ஒன்று அப்புயத்தில் பொருத்தப்பட்டிருக்கும். கடலையளவினதான அக்குதியே பிளந்து வீழ்ந்திருந்தது. வேறொரு குறையுமில்லை.

தமையனாரின் மகள் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பவள். "மின்காந்தத் தூண்டலைப் பற்றி எத்தனையோ விடை எழுதிவிட்டேன், சித்தப்பா. ஆனால் அது வேலை செய்வதை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை" என்றாள். அண்ணை சிரித்தார். "அப்படியானால் கிட்ட வா, பிள்ளை" என்று அழைத்துக் காட்டினார்.

இவ்வண்டியில் பொறி எழுவதற்குப் பற்றரி வேண்டியதில்லை. எஞ்சினோடு காந்தமும் சுழல, அதனருகே நிற்கும் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கின்றது. மைக்கல் பரடே 1831இல் கண்டறிந்த உண்மை இதுவே. பொயின்ற் மூடியிருக்கும் வரை அம்மின்னோட்டம் முதற் சுருளில் வளையவரும். மேடு வந்து குதியைத் தள்ளியதும் பொயின்ற் பிரியும். ஓட்டம் சட்டென அறும். காந்தப் புலம் குலையும். அக்குலைவே, மெல்லிய கம்பியால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்ட இரண்டாஞ் சுருளில் பல ஆயிரம் வோல்ற்று அழுத்தத்தை எழுப்பிப் பிளக்கின் முனையில் பொறியாகப் பாயச் செய்கின்றது. பிரியும் இடத்தில் மின் வீணே தீய்ந்து முனைகளை அரிக்காமற் காப்பது கொன்டென்சர். பாடநூல் கொள்ளளவி என்று கூறுவது இதனையே.

இவ்வெஞ்சின் இரண்டடிப்பு வகையினது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றானால் செக்கனுக்கு 50 பொறிகள். ஒரு மணி நேரத்துக்கு 180,000. அத்தனை முறையும் மேட்டில் ஏறி இறங்கியது அக்கடலையளவுக் குதிதான். அது உடைந்ததில் வியப்பில்லை; இத்தனை காலம் உழைத்ததே வியப்பு.

பொயின்றை அகற்றிவிட்டு இக்காலத்து இலத்திரன் பொறியமைப்பைப் பூட்டலாமே என்று தமையனார் வினவினார். "பூட்டலாம், தம்பி. அது நல்ல சாமான்தான். அதிலே தேய்வதற்கு ஒன்றுமில்லை" என்றார் அண்ணை. சற்றுப் பொறுத்து, "ஆனால் பழுதுபட்டால் திறந்து பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. எனக்குப் பிறகு இந்த மூடியைத் திறக்க ஓராள் வேண்டும்" என்றார். அவர் பார்வை அப்பெண் பிள்ளையின் மீது நின்றது.

இவ்வண்டிக்கான உறுப்புகளை இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்கின்றனர். எழுதிக் கேட்டோம், மூன்று கிழமையில் அஞ்சற் பொதி வந்தது. உள்ளங்கையில் வைத்தால் உணர முடியாத பாரம். அண்ணை திருப்புளியை அவள் கையிற் கொடுத்துவிட்டுத் தாம் முக்காலியில் அமர்ந்துகொண்டார்.

புதிய முனைகளில் துருப்பிடியாதிருக்கப் பூசிய எண்ணெய்ப் படலத்தை முதலில் துடைக்கச் செய்தார். துடையாது பூட்டினால் பொயின்ற் மூடியும் மின் பாயாது. பின்னர், மேடு குதியை முற்றாகத் தள்ளிய நிலையில் தண்டை நிறுத்தி, முனைகளின் இடைவெளியை அளக்கச் சொன்னார். அது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்ததில் பதினைந்து பங்கு, அதாவது ஏறக்குறைய 0.38 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். விசிறிபோல் விரியும் மெல்லிய எஃகுத் தகடுகளில் ஒன்றை இடையிற் செலுத்தி, இறுகாமலும் தளராமலும் அவள் சரிசெய்தாள். மேட்டில் துளி கிறீசு தடவினாள்.

முனைகள் சரியான தருணத்திற் பிரிகின்றனவா என்று எவ்வாறு அறிவது? அதற்கு அண்ணை கேட்டது ஒரு துண்டுப் பட்டத் தாள். அதனை முனைகளிடையே வைத்து மெல்ல இழுத்தபடி சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பினாள். மூடிய முனைகள் தாளைக் கவ்விக்கொண்டிருந்தன. பிசுடன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னர் தாள் வழுவி அவள் விரலோடு வந்தது. "அதுதான் பிள்ளை, பொறி பிறக்கும் நேரம்" என்றார் அண்ணை.

பெற்றோல் துணியைத் தூர வைத்துவிட்டு, பிளக்கை எஞ்சின் மேற் கிடத்தி உதைத்தபோது நீலப் பொறி தெறித்தது. அவள் அதனை மீண்டும் மீண்டும் பார்க்க விரும்பி, எட்டு முறையாவது உதைத்திருப்பாள். பிளக்கைப் பூட்டிய பின் மூன்றாம் உதைப்பில் வண்டி முழங்கியது. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சென்று எல்லோருக்கும் தேநீர் வார்த்தார். கொட்டிலைப் பற்றிய பேச்சைத் தமையனார் இன்றுவரை எடுக்கவில்லை.

பழையன யாவற்றையும் காத்து வைத்தல் எவர்க்கும் இயலாது. விற்பதும் எறிவதும் குடும்பங்களில் இயல்பே. ஆயினும், பெரிய பொருளொன்று நின்றுவிட்டால் முழுவதும் கெட்டது என்று முடிவு செய்யுமுன், எந்தச் சிறு துண்டு உடைந்தது என்று திறந்து பார்த்தல் நன்று. அவ்வாறு திறக்கும்போது வீட்டுப் பிள்ளைகளையும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, அருகே அழைத்துக் கருவியைக் கையிற் கொடுத்தல் அதனினும் நன்று. துண்டுகளை அஞ்சலில் வருவிக்கலாம். அவற்றைப் பொருத்தும் அறிவு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மட்டுமே செல்லும்.