ஊஞ்சலிலிருந்து பறந்த செருப்பு: லண்டனில் ஒரு பிரெஞ்சு உலகம்

லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் எந்நேரமும் கூட்டம்தான். ஷாப்பிங் பைகளும் சிவப்புப் பேருந்துகளும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவிலிருந்து, செல்ஃப்ரிட்ஜஸ் கடைக்குப் பின்பக்கமாகச் சில நிமிடங்கள் நடந்தால் சத்தம் அடங்கிவிடுகிறது. மரங்கள் சூழ்ந்த மான்செஸ்டர் சதுக்கம். அதைப் பார்த்தபடி ஹெர்ட்ஃபோர்டு ஹவுஸ் என்ற பழைய மாளிகை. 'வாலஸ் கலெக்‌ஷன்' அருங்காட்சியகம் இங்கேதான் இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

வாசலைத் தாண்டியதும் லண்டன் மறந்துபோகும். பெரிய மாடிப்படியில் ஏறினால், ஃபிரான்சுவா பூஷே வரைந்த சூரிய உதயமும் அஸ்தமனமும் இரு பெரிய ஓவியங்களாக வரவேற்கின்றன. மாடி அறைகளில் 18-ம் நூற்றாண்டு பிரான்ஸின் சொகுசு வாழ்க்கை. பட்டுக் கவுன்கள், தோட்ட விருந்துகள், இசை, ரகசியக் காதல்!

யாருக்கும் அவசரம் இல்லை

இந்தப் பாணிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஆந்துவான் வாத்தோ. 36 வயதில், 1721-ல் இறந்துபோனவர். இங்குள்ள அவரது இசை விருந்து ஓவியத்தில் இன்னும் பாட்டு தொடங்கவில்லை. ஒருவர் நீண்ட தந்தி வாத்தியத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் நிதானமாகக் காத்திருக்கிறார்கள்.

லான்க்ரே வரைந்த நடன மங்கை கமார்கோவைத் தேடிப் பார்க்க வேண்டும். தன் கால் அசைவுகள் ரசிகர்களுக்குத் தெரியவேண்டும் என்று பாவாடையின் நீளத்தைக் குறைத்துக்கொண்ட துணிச்சல்காரர் அவர். மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலியாக இருந்து பிறகு தோழியான மேடம் தெ பொம்பதூரை, 1759-ல் பூஷே வரைந்த ஓவியமும் இங்கே உண்டு. கவுனின் மடிப்புகளையும் பக்கத்தில் இருக்கும் நாய்க்குட்டியையும் பார்க்கவே நேரம் போதாது.

செருப்பின் கதை

பலரும் தேடி வருவது ஃப்ராகொனாரின் 'ஊஞ்சல்' ஓவியத்தை. உலகப்புகழ் பெற்ற படம் என்றதும் சுவரை அடைத்துக்கொண்டு இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஆச்சரியம். அதன் உயரம் 81 சென்டிமீட்டர்தான்!

அடர்ந்த தோட்டத்தின் நடுவே, இளஞ்சிவப்புப் பட்டுக் கவுனில் ஒரு பெண் ஊஞ்சலில் உயரே பறக்கிறாள். கால் வீச்சில் ஒரு செருப்பு கழன்று பறக்கிறது. கீழே ரோஜாப் புதரில் அவளது காதலன் சாய்ந்து கிடக்கிறான். பின்னால் இருட்டில் ஒரு முதியவர், எதுவும் தெரியாமல் கயிற்றை இழுத்து ஆட்டிவிடுகிறார். 'உஷ்!' என்பதுபோல் உதட்டில் விரல் வைத்திருக்கிறது காதல் தேவதையின் சிலை. விஷயம் தெரிந்ததுபோல் குரைப்பது ஒரு குட்டி நாய் மட்டும்தான்.

இப்படி ஒரு படம் பிறந்த கதை, நாடக ஆசிரியர் சார்ல் கொலேயின் 1767-ம் ஆண்டு நாட்குறிப்பில் இருக்கிறது. அரசவைப் பிரமுகர் ஒருவர், தன் காதலி ஊஞ்சலாடுவதையும் ஒரு பிஷப் அதை ஆட்டிவிடுவதையும் வரையச் சொன்னாராம். கேட்டு அதிர்ந்துபோன ஓவியர் துவாயென், வேலையை ஃப்ராகொனார் பக்கம் தள்ளிவிட்டார். ஃப்ராகொனாரின் படத்தில் பிஷப் இல்லை, சாதாரண முதியவர்தான் இருக்கிறார்.

2021-ல் மஞ்சளடித்துப் போன பழைய வார்னிஷை நீக்கிச் சுத்தம் செய்த பிறகு, அந்த இளஞ்சிவப்பு இன்னும் பளிச்சென்று தெரிகிறது.

கயிறு யார் கையில்?

அழகில் மயங்கி நகர்ந்துவிடாமல், படங்களின் ஓரங்களையும் ஒருமுறை பார்க்கவேண்டும். வாத்தோவின் விருந்தில் ஒயின் பாட்டில்களைக் குளிரவைக்க ஒரு கறுப்பினப் பணியாள் இருக்கிறார். ஃப்ராகொனாரின் ஊஞ்சலுக்கு முதியவரின் கைகள் வேண்டியிருக்கின்றன. ஒருவர் ஓய்வாக இருக்க, இன்னொருவர் உழைக்கிறார்.

படத்துக்கு வெளியேயும் இதே கதைதான். 'ஊஞ்சல்' ஓவியத்தின் உரிமையாளர் என்று உறுதியாகத் தெரியவரும் முதல் நபர் மெனாஜ் தெ பிரெசினி, வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவர்களில் ஒருவர். மன்னருக்கு முன்பணம் கட்டிவிட்டு, உப்பு முதல் புகையிலை வரை மக்களிடம் வசூலித்துக்கொள்வது இவர்களின் தொழில். பிரெஞ்சுப் புரட்சி அந்தக் கணக்கைத் தீர்த்தது. 1794-ல் அவர் கில்லட்டினுக்குப் பலியானார். ஓவியம் பறிமுதலானது.

ஃப்ராகொனாரின் வாடிக்கையாளர்களும் காணாமல் போனார்கள். இளைய ஓவியர் தாவீதின் உதவியால் லூவர் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. 1806-ல் அவர் இறந்தபோது அவரது பாணியை யாரும் சீந்தவில்லை.

1865-ல் பாரிஸ் ஏலத்தில் 'ஊஞ்சலை' வாங்கினார் ஹெர்ட்ஃபோர்டு பிரபு. அவருக்குப் பின் சர் ரிச்சர்ட் வாலஸ், அடுத்து அவர் மனைவி என்று அது கைமாறியது. லேடி வாலஸ் இளமையில் வாசனைத் திரவியக் கடையில் வேலை பார்த்தவர். 1897-ல் அவர் இந்தச் சேகரிப்பை நாட்டுக்கே எழுதிவைக்க, 1900-ல் மாளிகையின் கதவுகள் மக்களுக்குத் திறந்தன. ஒரு பிரமுகரின் அந்தரங்க ஆசைக்காக வரையப்பட்ட படத்தின் முன்னால் இன்று பள்ளிப் பிள்ளைகளும் நிற்கலாம்.

போகிறவர்கள் கவனத்துக்கு

பாண்ட் ஸ்ட்ரீட் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை பார்வை நேரம். கிறிஸ்துமஸையொட்டி டிசம்பர் 24 முதல் 26 வரை விடுமுறை. நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

வெளியே வரும்போது, வாசலில் இருக்கும் பச்சை நிற இரும்புக் குடிநீர்க் குழாயைப் பார்க்க மறக்கவேண்டாம். போரில் பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது ஊரை விட்டு ஓடாமல் ஏழைகளுக்கு உதவியவர் ரிச்சர்ட் வாலஸ். 1872-ல் தன் செலவில் அந்த நகரத்துக்கு இப்படிப்பட்ட குழாய்களை அமைத்துக்கொடுத்தார். பாரிஸ் தெருக்களில் இன்றும் அவற்றில் தண்ணீர் வருகிறது.