கவசம் போட்டவர் கோழையா?

திருவனந்தபுரத்தில் கால்பந்தைப் பற்றி வாயைத் திறந்தால் வாக்குவாதம் நிச்சயம். பாளையம் வட்டாரத்தில் பல்கலைக்கழக ஸ்டேடியத்துக்கும் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்துக்கும் கூப்பிடு தூரம்தான். பிரேசிலா, அர்ஜென்டினாவா என்ற தீராத வழக்குக்கு அங்கே தலைமுறை தலைமுறையாக வாய்தா வாங்கி வருகிறார்கள். இப்போது தொலைக்காட்சி புண்ணியத்தில் இன்னொரு வழக்கும் சேர்ந்துகொண்டது. ரக்பி, அமெரிக்க ஃபுட்பால், ஆஸ்திரேலிய ஃபுட்பால் எல்லாம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டன. லேசாக இடித்ததும் புல்லில் நாலு முறை உருளும் கால்பந்து நட்சத்திரத்தையும், மூக்கில் ரத்தம் வழிய ஓடும் ரக்பிக்காரரையும் அடுத்தடுத்த சானலில் பார்ப்பவருக்குக் கேள்வி எழாமல் இருக்குமா? இவர்களில் யார் நிஜமான உரம் படைத்தவர்?

கேள்வி புதியதல்ல. இந்த ஆட்டங்கள் பாகப்பிரிவினை செய்துகொண்டதே இந்தக் கேள்வியால்தான். 1863இல் லண்டனில் கால்பந்துச் சங்கத்தார் விதி எழுத உட்கார்ந்தபோது, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைப்பதை அனுமதிப்பதா, தடுப்பதா என்று தகராறு வந்தது. உதையை எடுத்துவிட்டால் ஆட்டத்தில் வீரமே இருக்காது, ஒரு வாரம் பழகிய பிரெஞ்சுக்காரர்கள்கூட உங்களைத் தோற்கடித்துவிடுவார்கள் என்று வாதாடினார் பிளாக்ஹீத் கிளப்பின் கேம்ப்பெல். தோற்றார், அவரது கிளப் சங்கத்தைவிட்டு வெளியேறியது. வேடிக்கை என்னவென்றால், 1871இல் அந்த கிளப்பும் சேர்ந்து ரக்பி யூனியனை அமைத்தபோது அவர்களும் அதே உதையைத் தடைசெய்தார்கள்.

இந்தியாவுக்கு இரண்டுமே வந்தன. 1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் ரக்பி ஆடினார்கள் வெள்ளைக்காரர்கள். சில ஆண்டுகளில் கிளப் கலைந்தது. மீதமிருந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதுவது அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான். ரக்பி பெரும்பாலும் கிளப் வாசலோடு நின்றது. பந்து ஒன்று போதும் என்ற கால்பந்து தெருவுக்கு இறங்கியது.

தெருவுக்கு வந்த ஆட்டம் காலணிக்குக் காத்திருக்கவில்லை. 1911இல் மோகன் பகான் அணியில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் அணிந்த ராணுவ அணியை 2-1 என வென்றார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் இந்தியர்களில் பெரும்பாலோர் வெறுங்கால்தான். திருவல்லா பாப்பன் என்ற கேரளத்துக்காரர் இடம்பெற்ற அந்த அணி பிரான்ஸிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றது. நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சின்கியில் யூகோஸ்லாவியா 10-1 என்று நொறுக்கிய பிறகே பூட்ஸ் கட்டாயமானது. உரம் வேறு, தேவையான உபகரணம் இல்லாமை வேறு என்பதைப் புரிந்துகொள்ள நமக்குப் பத்து கோல் தேவைப்பட்டது.

சரி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கால்பந்து வீரர் 90 நிமிடத்தில் சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறார். ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் அணிக்கு 18 பேர், மைதானமும் பெரிது. ஓட்டம் 12 கிலோமீட்டரைத் தாண்டும், நடுவே தோளிடியும் உண்டு. ரக்பியில் 80 நிமிடம். கவசம் கிடையாது, பந்தோடு வருபவரைக் கட்டிப் பிடித்துச் சாய்ப்பதே வேலை. அமெரிக்க ஆட்டமோ மூன்று மணி நேரம் நீளும். பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான். ஆனால் அந்தச் சில விநாடி மோதல்கள் ஒவ்வொன்றும் சுவரில் முட்டுவதற்குச் சமம். ஒன்று மூச்சைச் சோதிக்கிறது, ஒன்று எலும்பை. மாரத்தான்காரரையும் மல்யுத்தக்காரரையும் ஒரே தராசில் நிறுத்தினால் முள் எந்தப் பக்கம் சாயும்?

கவசம் போட்டு ஆடுகிறவர்களைக் கேலி செய்வது சுலபம். அந்தக் கவசத்துக்குப் பின்னால் பிணங்கள் இருக்கின்றன. 1905இல் அமெரிக்காவில் மாணவர்கள் அடுத்தடுத்து மைதானத்தில் இறந்தபோது, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே கல்லூரிகளை அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. மறு ஆண்டே விதிகள் மாறின. பிறகு ஹெல்மெட் வந்தது. மண்டை உடைவது குறைந்தது, தைரியம் கூடியது. தலையையே ஆயுதமாக்கினார்கள். தேங்காய் ஓடு உடையாவிட்டாலும் உள்ளே தண்ணீர் குலுங்கத்தானே செய்யும்? 2002இல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்ற நட்சத்திர வீரரின் மூளையைப் பரிசோதித்த டாக்டர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்ப அடிபட்டதால் உண்டான சிதைவை அதில் கண்டார். 2017இல் வெளியான ஆய்வில், தானமாகப் பெறப்பட்ட 111 தொழில்முறை வீரர்களின் மூளைகளில் 110இல் அதே சிதைவு. நோய் அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே அதிகம் தானம் தந்திருக்கலாம் என்று கழித்துக்கொண்டாலும் கணக்கு பயங்கரமானது. கவசமில்லாத ரக்பியும் தப்பவில்லை. 2003இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்ஸன், அந்த வெற்றியே தனக்கு நினைவில் இல்லை என்று 2020இல் சொன்னபோது அவருக்கு வயது 42.

அப்படியானால் உருண்டு புரளும் கால்பந்துக்காரர் பத்திரமாக இருக்கிறாரா? இல்லை. தலையால் பந்தடித்துப் பெயர் வாங்கிய இங்கிலாந்தின் ஜெஃப் ஆஸ்ல் 2002இல் இறந்தபோது, அதைத் தொழில் சார்ந்த நோய் என்றே பதிவு செய்தது விசாரணை. முன்னாள் தொழில்முறை வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்றது 2019இல் கிளாஸ்கோவில் நடந்த ஆய்வு. பெங்களூரில் 2004 டிசம்பர் 5 அன்று ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் போட்டார். கோல்கீப்பரோடு மோதி விழுந்தவர் பிழைக்கவில்லை. முரட்டு ஆட்டம் என்று யாரும் சொல்லாத ஆட்டத்தில் நடந்தது அது.

திருவனந்தபுரத்துக்குத் திரும்பினால், உரத்துக்கு இன்னொரு அளவுகோல் கிடைக்கிறது. தமிழக எல்லையை ஒட்டிய பொழியூர், விமான நிலையத்துக்கு அருகிலுள்ள வெட்டுக்காடு போன்ற மீனவர் குடியிருப்புகளில் பையன்கள் மணலில்தான் ஆட்டம் பழகுகிறார்கள். மணலில் ஓடக் கெட்டித் தரையில் ஓடுவதைப்போல ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும். அங்கிருந்து வந்தவர்கள் சந்தோஷ் கோப்பைவரை போனார்கள். கொல்கத்தாவில் 2018இல் கேரளம் அந்தக் கோப்பையை வென்றபோது அணியில் இருந்த சீசன் பொழியூர்க்காரர். ஈஸ்ட் பெங்காலுக்கு கோல் குவித்த ஜோபி ஜஸ்டின் வெட்டுக்காட்டுக்காரர். பொழியூரில் கடலரிப்பு அந்த மணலையும் தின்றுகொண்டிருக்கிறது என்பது தனிச் சோகம்.

வடக்கே மலபாரில் செவன்ஸ். அணிக்கு ஏழு பேர். அறுவடை முடிந்த வயல். தற்காலிக காலரியில் ஆயிரக்கணக்கான ஜனம். தேசிய சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லாத இந்த ஆட்டத்தில் ராத்திரிக்கு ராத்திரி ஊர் மாறி ஊர் ஆடுகிறவர்கள் உண்டு. கால் முறிந்தால் அந்த சீசன் வருமானம் போச்சு. சங்கம், இன்ஷூரன்ஸ், வழக்கு என்று அமெரிக்க வீரருக்கு இருக்கும் எதுவும் இவருக்கு எளிதில் எட்டாது.

ஒரு காலத்தில் திருவனந்தபுரம் இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. டைட்டானியம், ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், கேரள போலீஸ் என்று அணிகள். பந்தாடத் தெரிந்தவருக்கு வேலை. கால் ஓய்ந்த பிறகும் சம்பளம். 1990, 1991 என அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பை வென்ற கேரள போலீஸ் அணி அப்படி உருவானதுதான். அதில் ஆடிய வி.பி. சத்யன் இந்திய அணிக்கும் கேப்டன் ஆனார். 1992இல் கோயம்புத்தூரில் கேரளம் சந்தோஷ் கோப்பை வென்றபோதும் அவரே கேப்டன். காயம்பட்ட காலோடு ஆடியவர் என்று இன்றும் அவரைச் சொல்வார்கள். பிறகு சென்னையில் இந்தியன் வங்கிக்கு வந்தார். 2006இல் அதே சென்னையில், 41 வயதில், தன் முடிவைத் தானே தேடிக்கொண்டார். வேலை இருந்தும் அவரைக் காக்க முடியவில்லை. வேலையே இல்லாதவர்களின் கதி? ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூரே 2017இல் பெரிய வங்கியோடு கரைந்துவிட்டது.

எந்த ஆட்டம் முரடு என்ற வழக்கு டீக்கடையில் நடக்கட்டும். தீர்ப்பு வராவிட்டாலும் நஷ்டமில்லை. அடிபடுவதில் எல்லா ஆட்டமும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. அடிபட்ட பிறகு யார் கட்டுப் போடுகிறார்கள், யார் அரிசி வாங்கித் தருகிறார்கள் என்பதில்தான் ஆட்டத்துக்கு ஆட்டம், ஊருக்கு ஊர் வித்தியாசம். அந்தக் கணக்கில், கவசம் போட்டவரைவிட மணலில் வெறுங்காலோடு ஓடும் பையனே அதிகம் பணயம் வைக்கிறான்.