தூண்டிலுக்கு ஒரு பாவாடை

ஜவுளிக் கடையில் நாம் நிறம் பொறுக்கினால் ஆண்பிள்ளைகள் சிரிக்கிறார்கள் அல்லவா, சகோதரிகளே? தூண்டிலுக்கு நிறம் பொறுக்கும் ஆண்பிள்ளையை நான் கண்டேன்!

சென்ற வருஷம் அக்கா காலமானாள். துக்கம் விசாரிக்க அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்குப் போனேன். அத்தானும் அவர் பிள்ளையும் பேசிக்கொள்வதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் பாஸ் மீன் பிடிக்க ஏரிக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். பெட்டி நிறைய வளைந்த கம்பிகள். ஒரு முனையில் ரப்பர் பாவாடை கட்டிய கொக்கி. மறு முனையில் சுழலும் தகடு. ‘ஸ்பின்னர்பெயிட்’ என்று பெயராம்.

“தெளிந்த நீருக்கு வெள்ளைப் பாவாடை, மெல்லிய வெள்ளித் தகடு. கலங்கல் நீருக்குப் பளிச்சென்ற மஞ்சள் பச்சை, அகன்ற வட்டத் தகடு” என்றார்.

“அந்த மஞ்சள் பச்சைக்கும் வெள்ளைக்கும் பேதம் தெரியாமல் பாஸ் மீன் திணறுகிறதாமே? இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 2018-ல் எழுதியிருக்கிறார்களே!” என்றேன்.

“இருக்கட்டும் அம்மா. கலங்கலில் தகட்டின் அதிர்வுதான் முக்கியம். மீன் அதைத் தன் விலாப்புறத்தால் உணரும்” என்றவர், சற்று நேரம் தண்ணீரையே பார்த்தார். “வீடும் கலங்கித்தான் கிடக்கிறது. நான்தான் சத்தமே காட்டுவதில்லை.”

அன்றிரவு சாப்பாட்டின்போது பிள்ளையிடம் ஓயாமல் பேசினார். எதைப் பற்றி என்கிறீர்களா? பாவாடை நிறத்தைப் பற்றித்தான்!