கோடரி பிடித்த கை ஆடும்போது

ரஸ் டாம்ப்ளின் கோடரிக் காம்பை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு, தன் கைக்குள் இருக்கும் அந்தக் காம்பையே தாண்டிக் குதிக்கிறார். ஒரு தடவை அல்ல, விடாமல் பல தடவை. டான்ஸ் மாஸ்டராக வேலை பார்க்கும் நான் அந்தச் சில நொடிகளை எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. குதிப்பது பெரிதல்ல, ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்தவர் யாரும் குதிப்பார். அந்தக் கோடரி வெளியிலிருந்து வந்த ஆட்டப்பொருளாகத் தெரியவில்லை என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. காலையில் விறகு பிளந்த அதே கை, சாயங்காலம் ஒரு பெண்ணுக்கு முன்னால் அதை வைத்து வித்தை காட்டுகிறது.

படம் 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்'. ஸ்டான்லி டோனன் இயக்கி 1954-இல் எம்ஜிஎம் வெளியிட்டது. அமிதாப் பச்சன் நடித்த 'சத்தே பே சத்தா' (1982) வழியாக இந்தக் கதை நம்மில் பலருக்குப் பழக்கம். மூலப்படம் நடப்பது 1850-இன் ஒரிகன் மலைக்காட்டில். மூத்தவன் ஆடம் பண்டமாற்றுக்காக ஊருக்குள் வருகிறான், கையோடு ஒரு மனைவியையும் தேடிக்கொண்டு போக நினைக்கிறான். சாப்பாட்டுக் கடையில் சமைக்கும் மில்லியின் கைப்பக்குவம் பிடித்துப்போகிறது, அன்றைக்கே கல்யாணம். வீட்டில் ஆறு தம்பிகள் இருப்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

இந்த அவசரம் கதாசிரியரின் கற்பனை மட்டுமல்ல. அதே 1850-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரிகனுக்கென்று ஒரு நிலக்கொடைச் சட்டம் போட்டது. தனி ஆணுக்கு 320 ஏக்கர், மனைவி இருந்தால் 640 ஏக்கர், அதில் பாதி மனைவியின் பெயரிலேயே. ஆண்கள் நிறைந்து பெண்கள் அரிதாக இருந்த அந்த எல்லைப் பகுதியில் பெண் தேடுவது எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம். படம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நடனம் மைக்கேல் கிட். பிராட்வேயில் 'கைஸ் அண்ட் டால்ஸ்', சினிமாவில் 'தி பேண்ட் வேகன்' என்று பெயர் வாங்கியிருந்த மனிதர். முதலில் இந்தப் படத்தை வேண்டாம் என்றிருக்கிறார். அழுக்குச் சட்டையும் சேற்றுச் செருப்புமாகக் காட்டில் கிடக்கும் விறகுவெட்டிகள் திடீரென்று கால் நீட்டிச் சுழன்றால் பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள் என்பது அவர் தயக்கம். இந்தக் கேள்வியைக் கேட்காத மாஸ்டரை நான் நம்பமாட்டேன். இந்த ஆள் ஏன் ஆடுகிறான்? கிட் கண்டுபிடித்த வழி, ஆட்டத்தை அவர்களுடைய வேலைக்குள்ளிருந்தே எடுப்பது. வெட்டுவது, தூக்குவது, தாண்டுவது, மல்லுக்கட்டுவது.

எனக்கு இது புரிந்தது ஒரு வயல்வெளியில். உதவி மாஸ்டராக இருந்தபோது ஓர் அறுவடைப் பாட்டு எடுத்தோம். நாற்பது பேர், கையில் கருக்கரிவாள், எட்டுக் கவுன்ட்டுக்கு ஒரு மணிக்கட்டுத் திருப்பம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன், பார்க்க அழகாகவும் இருந்தது. வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா டீ இடைவேளையில் பக்கத்தில் வந்து, "அறுக்கிற கை அப்படித் திரும்பாது தம்பி" என்றார். அரிவாளை வாங்கி இரண்டு பிடி அறுத்தும் காட்டினார். தோளும் இடுப்பும் சேர்ந்து போட்ட அந்த வளைவில் என் எட்டுக் கவுன்ட்டைவிட நல்ல தாளம் இருந்தது. அன்றைக்கு மாற்ற நேரமில்லை. பாட்டு அப்படியே வெளிவந்தது, இன்றைக்கும் டிவியில் வந்தால் மனசு உறுத்துகிறது.

காதல் நகைச்சுவைக்கு வருகிறேன். மில்லி வந்த முதல் ராத்திரி சாப்பாட்டு மேசையில் தம்பிகள் அள்ளிப் பறிப்பதைப் பார்த்து, மேசையையே கவிழ்த்துவிடுகிறாள். பிறகு குளிக்க, சவரம் செய்ய, மரியாதையாகப் பேசச் சொல்லிக்கொடுக்கிறாள், கடைசியாக ஆடவும். நடனப் பாடம் இங்கே பெண்ணிடம் பேசப் பழகும் பாடம். முரட்டுக் கால்கள் முதல் அடியை எண்ணி எண்ணி வைக்கும்போதே, இந்தப் படிப்பு ஊர்க்கூட்டத்தில் தேறுமா என்ற எதிர்பார்ப்பு நமக்கு வந்துவிடுகிறது.

தேர்வு நடக்கும் இடம் களஞ்சியம் கட்டும் விழா. ஊர் கூடி ஒருவருக்குக் களஞ்சியம் எழுப்பித் தரும் நாள், அதற்கு முன்னால் ஆட்டம். தம்பிகள் முதலில் பவ்வியமாக, மில்லி சொன்ன அடிகளோடு பெண்களை அழைக்கிறார்கள். ஊர்ப் பையன்கள் குறுக்கே வந்து ஜோடியைப் பிடுங்குகிறார்கள், இவர்கள் திரும்பப் பிடிக்கிறார்கள். மெல்ல மெல்லக் கற்ற அடி கழன்று காட்டு உடம்பு வெளியே வருகிறது. குறுகிய பலகைமேல் ஏறிச் சமநிலை காட்டுகிறார்கள், கைமல்லுக்குப் பிடித்த பிடியிலேயே சுழல்கிறார்கள், தம்பிகளில் ஒருவராக வரும் டாம்ப்ளின் அந்தரத்தில் புரண்டு இறங்குகிறார். மில்லிக்கு அடிதடி வேண்டாம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்களே, அந்தச் சண்டை முழுவதும் இங்கே ஆட்டமாக வெளியேறிவிடுகிறது. ஆனால் முழுக்க இல்லை. அடுத்து கட்டட வேலை தொடங்கியதும் சுத்தியலும் பலகையும் 'தெரியாமல்' அவர்கள்மேல் விழும்போது பல்லைக் கடிக்கிறார்கள். அண்ணன் மேலேயே கை வைத்ததும் கட்டு அறுகிறது, எழுப்பிய களஞ்சியமும் சரிகிறது. ஆட்டத்தில் விதைத்ததைத்தான் அடிதடியில் அறுக்கிறார்கள்.

ஃபார்மேஷன் போடுகிறவனாக நான் வியப்பது இன்னொன்று. சினிமாஸ்கோப் புதிதாக வந்த காலம், நீண்டு அகன்ற சட்டகம். ஆறு தம்பி, ஆறு பெண், போட்டிக்கு ஆறு ஊர்ப்பையன். பதினெட்டு பேரும் கலந்து ஓடும்போது யார் யாரென்று கண் தடுமாறவேண்டும், தடுமாறவில்லை. தம்பிகளுக்கு ஆளுக்கொரு பளிச்சென்ற சட்டை, ஊர்ப்பையன்களுக்கு மங்கிய நிறம். உடை வால்டர் பிளங்கெட். பெண்களின் உடைகளைப் பழைய ஒட்டுப்போர்வைகளை வாங்கி வெட்டித் தைத்திருக்கிறார். எல்லைக் குடும்பத்துப் பெண் கையிலிருந்த துணியைத்தான் உடுத்துவாள் என்பது அதிலேயே வந்துவிடுகிறது.

தம்பிகளாக வந்தவர்களில் ஜாக் டாம்புவாஸ் நியூயார்க் சிட்டி பாலேக்காரர். டாமி ராலும் மார்க் பிளாட்டும் மேட் மேட்டாக்ஸும் தேர்ந்த ஆட்டக்காரர்கள். ஜெஃப் ரிச்சர்ட்ஸ் மட்டும் ஆட்டக்காரர் அல்ல, பேஸ்பால் விளையாடியவர். அவருக்கு ஜோடி, உயரமும் நடனப் பயிற்சியும் உள்ள ஜூலி நியூமார். கிட் அவருக்கு வராததைத் திணிக்கவில்லை. எளிய அசைவோடு ஓரத்தில் நிறுத்திவைத்தார், உயரமும் அமைதியும் போதும் என்று விட்டுவிட்டார். ஆட வராத கதாநாயகனை நடுவில் நிறுத்திச் சுற்றிலும் அறுபது பேரைச் சுழலவிடும் எங்களுக்கு இதில் படிக்க நிறைய இருக்கிறது. நியூமாருக்கு ஆட வாய்ப்பு குறைந்துபோனதில் மட்டும் எனக்கு வருத்தம்.

பின்பாதியை நான் தாங்கிப் பேசமாட்டேன். மில்லியின் புத்தகத்திலிருந்து சபைன் பெண்களை ரோமானியர் கவர்ந்த கதையை எடுத்து ஆடம் தம்பிகளுக்குச் சொல்ல, அவர்கள் ஊருக்குள் போய் ஆறு பெண்களையும் தூக்கி வந்துவிடுகிறார்கள். பனிச்சரிவு கணவாயை அடைக்க, வசந்தம்வரை யாரும் வர முடியாது. மில்லி கொதித்துப்போய்த் தம்பிகளைக் களஞ்சியத்துக்கு விரட்டுகிறாள், ஆடமைக் குற்றவாளி ஆக்குகிறாள். அந்த அளவுக்குப் படத்துக்கு மனசாட்சி உண்டு. ஆனாலும் அது கடத்தல்தான். பாடம் படித்து, பலகைமேல் நின்று, நேர்மையாக ஜெயித்த மனசை இப்படிக் குறுக்குவழியில் கொண்டுபோனதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதற்குச் சற்று முன்னால், பனிக்காலத்தில், ஒரு பாட்டு வருகிறது. ஊரிலிருந்து விரட்டப்பட்ட தம்பிகள் விறகு வெட்டுகிறார்கள், ரம்பம் இழுக்கிறார்கள். மேட் மேட்டாக்ஸ் வாயசைக்கிறார், குரல் பில் லீயுடையது. ஒரே டேக்கில் எடுத்த பாட்டு. பின்னணியில் தீட்டிய திரை. செலவைக் குறைக்கச் சொன்னதால் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்குள்ளேயே முடித்த படம் இது. யாரும் துள்ளுவதில்லை. கோடரி தாளத்தில் இறங்குகிறது, உடம்பு அதன் பின்னால் தாழ்கிறது, நிமிர நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆசை வந்த உடம்புக்கு அதே வேலை எவ்வளவு கனத்துப்போகும் என்பது அந்த நிமிர்வில் இருக்கிறது. ஒருவர் கை பிசகினாலும் முதலிலிருந்து எடுக்க வேண்டிய ஷாட்.

என்னிடம் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டுவேன். கவுன்ட் சொல்ல வேண்டாம், கோடரியை மட்டும் பாருங்கள் என்பேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் தோள்கள் தாமாகவே தாழ ஆரம்பிக்கும்.