லயத்துக்கு வந்த டீவி கேம்

ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போனால் வழிநெடுகத் தேயிலை மலைகள்தான். அங்கே ஒரு லயத்தில் வளர்ந்தவள் நான். தொண்ணூறுகளில் எங்கள் லயத்துக்கும் டீவி கேம் வந்தது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன ஓர் அக்கா தன் பிள்ளைகளுக்காக அனுப்பியது. 1985இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட சூப்பர் மரியோ எங்கள் காம்பராவிலும் குதித்து ஓடியது.

1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் எங்கள் உறவுகள் பலர் நீலகிரிக்குப் போய்விட்டார்கள். அவர்களின் பிள்ளைகளும் அங்கே இதையே விளையாடினார்களாம். நாடு பிரித்தாலும் விளையாட்டு ஒன்றுதான்.

ஆனால் இரண்டு நாட்டிலும் விளையாடியவர்கள் ஆண் பிள்ளைகளே. அம்மா கொழுந்தெடுக்கப் போனால் பீலியில் தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பார்ப்பதும் எங்கள் வேலை. இஸ்தோப்பில் நின்று எட்டிப் பார்ப்போம். அந்த அக்காவின் மகளுக்கும் அதே நிலைதான். தாயைப் பிரிந்து அடுப்படியைச் சுமந்தவளும் அவள்தானே!

சகோதரிகளே, இன்று பிள்ளைகள் கையில் கைத்தொலைபேசி இருக்கிறது. விளையாட்டு நேரத்துக்கு அளவு வையுங்கள். அந்த அளவு மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாக இருக்கட்டும். வீட்டு வேலையும் அப்படியே.